வீட்ஸ்டன் பிரிட்ஜுக்கு அப்பால் ஒரு வீட்ஸ்டன்

லேபில் கால்வனாமீட்டர் முள்ளை பூஜ்யத்தில் நிறுத்தப் போராடாத என்ஜினியரிங் ஸ்டூடன்ட் உண்டா? ஆனா அந்த வீட்ஸ்டன் பிரிட்ஜை முதலில் உருவாக்கியவர் சார்லஸ் வீட்ஸ்டன் இல்லை. சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி, 1833-ல். வீட்ஸ்டன் 1843-ல் அதைப் பிரபலமாக்கினார். கிறிஸ்டிதான் முதல்வர்னு வெளிப்படையா சொல்லியும், பெயர் என்னவோ இவருக்கே ஒட்டிக்கிச்சு. இவர் நிஜமாவே கண்டுபிடிச்ச ஒண்ணு இன்னைக்கு மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டுக்குள்ள இருக்கு. அங்கே இவர் பெயரை யாரும் சொல்றதில்லை.

1802-ல் இங்கிலாந்தின் குளோஸ்டர் பக்கத்தில் பிறந்தார். இசைக்கருவி வியாபாரக் குடும்பம். கான்செர்டினா இவர் உருவாக்கியதுதான். 1834-ல் லண்டன் கிங்ஸ் காலேஜில் புரொபசர் ஆனார். ஆனா மேடைன்னாலே கூச்சம். இவருடைய ஆய்வுகளை மைக்கேல் ஃபாரடேதான் மேடையில் விளக்கினார். 1837-ல் குக் என்பவரோடு சேர்ந்து மின்தந்திக்குக் காப்புரிமை வாங்கினார்.

அடுத்த வருஷம், 1838-ல், ஸ்டீரியோஸ்கோப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை கொடுத்தார். நம்ம இரண்டு கண்ணும் ஒரே பொருளைக் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்குது. மூளை இரண்டையும் சேர்க்கும்போது ஆழம் தெரியுது. இதை நிரூபிக்க அவருக்குத் தேவைப்பட்டது இரண்டு கண்ணாடி, இரண்டு கோட்டோவியம். போட்டோகிராபி அப்போ உலகத்துக்கு அறிவிக்கப்படவே இல்லை!

இன்றைய ஹெட்செட்டும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம்தான் காட்டுது. கூடுதலா, கேமராவும் டெப்த் சென்சாரும் அறையின் சுவர், மேஜை எல்லாத்தையும் அளந்துக்குது. அதனால் நிஜ மேஜை மேல் ஒரு டிஜிட்டல் என்ஜின் உட்காரும். நாம சுத்தி வந்தாலும் இடம் மாறாது. விர்ச்சுவல் ரியாலிட்டி அறையை மறைச்சிடும். மிக்ஸ்டு ரியாலிட்டி அறையோடு சேர்ந்துக்கும். ஆபரேஷனுக்குத் திட்டமிடும் டாக்டருக்கும், மெஷின் ரிப்பேர் கத்துக்கிறவருக்கும் இதான் பயன்.

நம்ம கிள்ளைக்கும் பயன் இருக்கு. பிச்சாவரத்தில் படகில் போனா சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்கு மேலே உள்ள அளவுதான் தெரியும். சேற்றுக்குள்ள அது எப்படிப் பின்னியிருக்கு, 2004 சுனாமியில் அலையின் வேகத்தை எப்படிக் குறைச்சதுன்னு ஒரு ஸ்கூல் மேஜை மேலேயே காட்டலாம். இறுதியாண்டு புராஜெக்ட் தேடுறவங்க யோசிங்க.

வீட்ஸ்டன் 1875-ல் பாரிஸில் இறந்தார். ஹெட்செட் வாங்கக் காசு இல்லைன்னு நிக்க வேண்டாம். இரண்டு கண்ணாடி, இரண்டு படத்தோடு அவர் ஆரம்பிச்ச இடத்திலேயே நாமும் ஆரம்பிக்கலாம்.