துடைப்பக் கட்டையில் சுற்றிய கையெழுத்துகள்

இந்த மாதச் சுவர் இதழில் தலைவர்கள் வாழ்க்கை எழுதுவது ஒன்பதாம் வகுப்பின் முறை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் பெயர் வந்துவிட்டது. காந்தி, காமராசர், அப்துல் கலாம், அன்னை தெரசா எல்லாரையும் முந்தின இதழ்களில் எழுதிவிட்டார்கள். டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் இரண்டு தடவை வந்தாச்சு. அதனால் நம்ம சுவரில் இதுவரை வராத ஒருவரை எழுதுகிறேன். அவர் பெயர் கேட் ஷெப்பர்டு. நியூசிலாந்துக்காரர். கிரிக்கெட் பார்க்கிற பையன்களுக்கு அந்த நாடு நன்றாகத் தெரியும். ஆனால் சுயாட்சி நடந்த நாடுகளிலேயே முதன்முதலில் பெண்கள் எல்லாருக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமை கொடுத்தது அந்த நாடுதான் என்பது ஜனவரி 25 வரைக்கும் எனக்கே தெரியாது.

அன்றைக்குத் தேசிய வாக்காளர் தினம். பிரேயரில் எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். பிறகு வகுப்பில் சமூக அறிவியல் டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். அவரவர் வீட்டில் அம்மா கடைசியாக எப்போது ஓட்டுப் போட்டார் என்று. வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது, எங்க அம்மா இந்த ஊரில் ஓட்டே போட்டதில்லை என்று சொன்னேன். சில பேர் சிரித்தார்கள். ஏன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அன்றைக்கு டீச்சர் சொல்ல ஆரம்பித்த கதைதான் இது. மீதியை டீச்சர் கொடுத்த புத்தகத்தில் படித்துக்கொண்டேன்.

கேட் பிறந்தது நியூசிலாந்தில் இல்லை. இங்கிலாந்தில் லிவர்பூல் என்ற துறைமுக ஊரில். அப்பா அம்மா ஸ்காட்லாந்துக்காரர்கள். கல்யாணத்துக்கு முன்னாடி கேத்தரின் வில்சன் மால்கம் என்பது பெயர். 1862-ல் அப்பா இறந்துவிட்டார். கொஞ்ச காலம் பாதிரியாராக இருந்த ஓர் உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1868 கடைசியில் அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். 1869 பிப்ரவரியில் நியூசிலாந்தில் இறங்கினார்கள். கேட்டின் அக்கா ஏற்கெனவே அங்கே கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் இருந்தார். அந்த நகரத்தில் மெட்ராஸ் தெரு என்று ஒன்று இருக்கிறது, கொழும்புத் தெருவும் இருக்கிறது! பிஷப்புகள் இருந்த ஊர்களின் பெயரைத் தெருக்களுக்கு வைத்தார்களாம். இதைப் படித்ததும் எனக்கு அவர் நம்ம பக்கத்துக்காரர் மாதிரி ஆகிவிட்டது.

1871-ல் வால்டர் ஷெப்பர்டு என்ற மளிகை வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டார். 1880-ல் டக்ளஸ் என்று ஒரு மகன் பிறந்தான். வீடு, குழந்தை, சர்ச் வேலை என்றுதான் இருந்தார்.

1885-ல் அமெரிக்காவில் இருந்து மேரி லெவிட் என்ற அம்மையார் வந்து, மதுவிலக்குக்காகப் பெண்கள் சங்கம் ஆரம்பித்தார். கேட் அதில் சேர்ந்தார். குடித்துவிட்டு வரும் ஆள் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று நான் இந்தச் சுவரில் விளக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சாராயம் விற்கக் கூடாது, மதுக்கடையில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சங்கத்தார் நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். மனு ஏற்கப்படவில்லை. ஓட்டு இல்லாதவர்கள் கொடுத்த மனுவை யார் மதிப்பார்கள்? அங்கேதான் கேட்டுக்குப் புரிந்தது. முதலில் ஓட்டு வாங்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். 1887-ல் சங்கத்தில் ஓட்டுரிமைப் பிரிவுக்கு அவரைப் பொறுப்பாக்கினார்கள். 1888-ல் பெண்கள் ஏன் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்குப் பத்துக் காரணம் எழுதி ஒரு சிறு பிரசுரம் போட்டார்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் சைக்கிள் ஓட்டினார். 1892-ல் கிறைஸ்ட்சர்ச்சில் பெண்கள் மட்டும் சேர்ந்து ஒரு சைக்கிள் சங்கம் ஆரம்பித்தார்கள், அதில் இவரும் உண்டு. பெண்கள் சைக்கிள் ஓட்டுவது அடக்கம் இல்லை என்று பேசினவர்கள் அங்கேயும் இருந்தார்கள். நம்ம பிளஸ் ஒன் அக்காக்களுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கும்போது எனக்கு இனிமேல் அவர் ஞாபகம்தான் வரும்.

இப்போது கையெழுத்து விஷயம். 1891-ல் ஒன்பதாயிரத்துக்கு மேல் பெண்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். கீழவையில் ஜெயித்து, மேலவையில் தோற்றது. 1892-ல் ஏறக்குறைய இருபதாயிரம் கையெழுத்து. அந்த வருஷமும் சட்டம் ஆகவில்லை. நாமாக இருந்தால் விட்டிருப்போம். அவர்கள் 1893-ல் மூன்றாவது தடவை கிளம்பினார்கள். வீடு வீடாக, பண்ணை பண்ணையாகப் போய்க் கேட்டார்கள். சேர்ந்தது 31,872 கையெழுத்து.

இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். போன வருஷம் சாயங்கால பஸ்ஸை நம்ம பள்ளி விடும் நேரத்துக்கு மாற்றச் சொல்லி மனு எழுதினோமே, நானும் என் தோழியும் மூன்று தெருவுக்குப் போனோம். பாதி வீட்டில் அத்தைமார்கள் பேனாவையே தொடவில்லை. அவர் வரட்டும், கேட்டுக்கிட்டுப் போடுறேன் என்று சொல்லிவிட்டார்கள். அவர் என்பது வீட்டுக்கார மாமா. பஸ்ஸில் வரப்போவது அவர்கள் மகள்தான், இருந்தாலும் மாமாவைக் கேட்க வேண்டும். இரண்டு நாள் அலைந்து நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினோம். அங்கே முப்பத்தோராயிரத்துக்கு மேல்!

தாள்கள் எல்லாம் கிறைஸ்ட்சர்ச்சில் கேட் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பெரிய மனுவில் மட்டும் ஐநூறு தாளுக்கு மேல் இருந்தது. அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டினார். ஒட்ட ஒட்ட நீளம் 270 மீட்டருக்கு மேல் போய்விட்டது. நம்ம மைதானத்தில் ஓட்டப் பந்தயத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவோமே, அதில் ஒரு முழுச் சுற்று சுற்றியும் மிச்சம் இருக்கும். இந்தச் சுவர் இதழுக்கு நாலு சார்ட் ஒட்டுவதற்குள் எங்களுக்குக் கையெல்லாம் பசை. அவ்வளவு நீளத்தை எப்படிக் கொண்டுபோவது? ஒரு துடைப்பக் கட்டையில் சுற்றினார்கள். அந்த ஊர்த் துடைப்பத்துக்கு நம்ம ஒட்டடைக் கம்பு மாதிரி நீளமான மரக் கைப்பிடி இருக்கும், அதில் ஒரு துண்டு. நம்ம ஊரில் துடைப்பக்கட்டை என்பது திட்டுகிற வார்த்தை. அங்கே அது நாடாளுமன்றத்துக்குள்ளேயே போனது.

ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதைச் சபைக்குள் எடுத்துப் போய், நடுவழியில் உருட்டிவிட்டார். காகிதம் விரிந்துகொண்டே போய், கட்டை அடுத்த பக்கத்துச் சுவரில் டப்பென்று முட்டியது. இந்த இடத்தை டீச்சர் சொன்னபோது வகுப்பே கை தட்டியது. பையன்களும்தான்.

ஆனாலும் முடியவில்லை. பிரதமர் செடான் இதற்கு எதிரி. மது வியாபாரிகளும் எதிர்த்தார்கள். பெண்களுக்கு ஓட்டு வந்தால் கடைக்கு ஆபத்து என்று அவர்களுக்குப் பயம். சபையில் ஆதரவாளர்கள் சட்டையில் வெள்ளைக் கமேலியாப் பூவும் எதிர்ப்பாளர்கள் சிவப்புக் கமேலியாவும் குத்திக்கொண்டார்கள். (ஓரத்தில் இருக்கும் படம் அந்தப் பூதான். நம்ம பக்கம் கமேலியா கிடைக்காததால் என் தோழி நந்தியாவட்டையைப் பார்த்து வரைந்தாள். தப்பு இருந்தால் மன்னிக்கவும்.) மேலவையில் ஓட்டெடுப்பு நெருங்கும்போது, ஆதரவாக இருந்த ஓர் உறுப்பினரைப் பிரதமர் தன் பக்கம் திருப்பிவிட்டார். இந்தக் குறுக்கு வழியைப் பார்த்து, அதுவரை எதிர்ப்பாக இருந்த இரண்டு பேருக்கே கோபம் வந்துவிட்டது. அவர்கள் மாறி ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 1893 செப்டம்பர் 8-ம் தேதி, 20-க்கு 18 என்று சட்டம் ஜெயித்தது. செப்டம்பர் 19-ம் தேதி கவர்னர் கையெழுத்துப் போட்டார். அந்த மண்ணின் பழங்குடியான மாவோரிப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சட்டம்.

நான் முதலில் இங்கேயே கட்டுரையை முடித்துவிட்டேன். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்தையும் படி என்றார். அதில்தான் எனக்கு வேண்டியது இருந்தது. சட்டம் வந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால்தானே ஓட்டு? பெயர் சேர்க்க ஆறு வாரம்தான் இருந்தது. கேட்டும் சங்கத்துப் பெண்களும் வெற்றி விழா கொண்டாடிக்கொண்டு உட்காரவில்லை. மறுபடியும் வீடு வீடாகப் போனார்கள், இந்தத் தடவை பெயர் சேர்க்க. 1,09,461 பெண்கள் பதிந்தார்கள். நவம்பர் 28-ம் தேதி தேர்தலில் 90,290 பெண்கள் ஓட்டுப் போட்டார்கள். பெண்கள் வந்தால் ரகளை ஆகும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். ஒரு ரகளையும் ஆகவில்லை.

பட்டியல் என்றதும் நம்ம நாட்டு விஷயம் ஒன்று. மெட்ராஸ் மாகாணத்தில் 1921-லேயே, சொத்து உள்ள பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. எல்லாப் பெண்களுக்கும் என்று வந்தது 1950-ல், அரசியலமைப்புச் சட்டத்தில். 1951-52-ல் முதல் பொதுத்தேர்தல். அப்போது வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவே இல்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்று மட்டும் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று ஏறக்குறைய 28 லட்சம் பெண்களை நீக்க வேண்டியதாகிவிட்டது. உரிமை இருந்தும் அந்தத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

கேட் பிற்பாடு 1895-ல் பெண்களே நடத்திய பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1896-ல் தேசிய மகளிர் மன்றத்தின் முதல் தலைவரானார். ஆனால் பெண்கள் தேர்தலில் நிற்க 1919 வரைக்கும் அனுமதி இல்லை. ஓட்டுப் போடலாம், நிற்கக் கூடாது! எலிசபெத் மெக்கோம்ப்ஸ் என்பவர் முதல் பெண் உறுப்பினரானது 1933-ல். நல்லவேளை, அதைப் பார்க்கக் கேட் உயிரோடு இருந்தார். வீட்டில்தான் நிறையத் துக்கம். 1910-ல் மகன் டக்ளஸ் போய்விட்டான். 1915-ல் கணவர். 1925-ல் மறுமணம் செய்துகொண்டார், அவரும் 1929-ல் இறந்துவிட்டார். 1930-ல் ஒரே பேத்தியும் இறந்தாள். 1934 ஜூலை 13-ல் கேட் காலமானார். இப்போது நியூசிலாந்தின் 10 டாலர் நோட்டில் அவர் படமும் வெள்ளைக் கமேலியாவும் இருக்கின்றன. அவர் ஒட்டிய மனு தலைநகர் வெலிங்டனில் பத்திரமாக இருக்கிறது.

இனி எங்க அம்மா விஷயம். கல்யாணம் ஆகி வந்து பதினாறு வருஷம் ஆகியும் அம்மா பெயர் அம்மாச்சி ஊர்ப் பட்டியலிலேயே கிடந்தது. போய் ஓட்டுப் போட்டுவிட்டு வர மூன்று பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலியும் போய்விடும். ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பா அடுத்த தடவை மாற்றிவிடலாம் என்பார். அப்பா கெட்டவர் இல்லை. நடக்க முடியாத அப்பத்தாவை வண்டியில் உட்காரவைத்து ஓட்டுச்சாவடிக்குக் கூட்டிப்போவார். அம்மா வீட்டில் இருந்து கேழ்வரகுக் களி கிண்டுவார்.

இந்தக் கதையை ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டு இருந்தார். ஒரு ஓட்டில் என்ன ஆகப் போகுது பாப்பா என்றார். இருபதுக்குப் பதினெட்டு என்று திரும்ப வாசித்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் வேலைக்குப் போகும்போது, ஆதார் ஜெராக்ஸ் எடுக்கக் காசு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வீடு மாறியவர்களுக்கு எட்டாம் நம்பர் படிவம். எங்கள் பகுதிக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் அங்கன்வாடி டீச்சர்தான், அவரிடம் வாங்கி நானே நிரப்பினேன். அம்மா ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவர். கையெழுத்துப் போட்டு நாளாச்சு என்று என் ரஃப் நோட்டின் பின்பக்கம் எட்டுத் தடவை எழுதிப் பார்த்தார். படிவத்தில் அப்பா பெயரைப் போடணுமா என்று கேட்டார். கையெழுத்து இடத்தில் உங்க பெயர் மட்டும் போதும்மா என்றேன். போட்டார்.

படிவம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. புதுப் பட்டியல் வந்தால் நம்ம பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்களாம். இந்தச் சுவர் இதழுக்கு நேர் எதிரே. நான் தினமும் பிரேயர் முடிந்ததும் போய்ப் பார்க்கிறேன்.