இதயத்தின் எரிபொருளைக் கண்டவர்

நம் இதயம் துடிப்பது அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளைச் செலவிட்டுத்தான். தசையில் அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான எல்லாப்பிரகட சுப்பாராவ் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்று நூலகத்தில் படித்து வியந்தேன்.

1895இல் பீமாவரத்தில் பிறந்த அன்னார், மாணவராயிருந்தபோது கதராடை அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. முழுப் பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. 1923இல் பாஸ்டன் சென்றார். வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தார். ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வகுத்தார். அம்முறையே 1929இல் மேற்சொன்ன பொருளுக்கு வழிகாட்டிற்று. அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் தனியே அதைக் கண்டார்.

இதயத்தில் இப்பொருளின் இருப்பு சில நொடிகளுக்கே போதும். இரத்தம் கொணரும் உயிர்வளியால் ஓயாது புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டும். இரத்தக்குழாய் அடைபட்டால் அந்த ஆக்கம் தடைபட்டு, தசை மடியத் தொடங்குகிறது. எங்கள் கரிவலம்வந்தநல்லூரிலோ நெஞ்சுவலியை வாய்வு என்றெண்ணி, ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோர் இன்றும் உண்டு. சங்கரன்கோவிலுக்குப் புறப்படுமுன் பொன்னான நேரம் போய்விடுகிறது.

ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாத சுப்பாராவ் 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1948 ஆகஸ்டில் ஓரிரவு, உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.