பணிவே பலமாகக் கொண்ட வில்லியம் கேரி

வலியார் என்று உலகம் போற்றுவோர் பலர். தம் மெலிவை மெலிவென்று அறிந்து, அதனை மறைக்காமல், அதன் மேலேயே தம் வாழ்வைக் கட்டியவர் சிலரே. அடக்கமுடைமைக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். மனிதன் மெலிந்து நிற்கும் இடத்திலேயே இறைவனின் ஆற்றல் முழுமை பெறுகிறது என்று பவுல் அப்போஸ்தலர் எழுதினார். இவ்விரு நெறியும் ஒருங்கே விளங்கிய ஒரு வாழ்வை இம்மலரில் நம் குடும்பங்களுக்கு நினைவூட்ட விழைகிறோம். ஹூக்ளி நதிக்கரையிலே, சீராம்பூரில் வாழ்ந்து மறைந்த வில்லியம் கேரியின் வாழ்வே அது.

இங்கிலாந்திலே, நார்தாம்ப்டன் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், 1761ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் கேரி பிறந்தார். தந்தையார் நெசவாளர், பின்னர் ஊர்ப்பள்ளி ஆசிரியர். வெயில் பட்டால் துன்புறுத்தும் தோல் நோய் சிறுவனுக்கு இருந்தமையால், வயல் வேலைக்கு அனுப்ப இயலவில்லை. எனவே நிழலில் அமர்ந்து செய்யும் செருப்புத் தொழிலில் சேர்த்தனர். அந்நோயே அவருக்கு நூல்களைத் தேடித் தந்தது எனலாம். தோலும் ஊசியும் கையில் இருக்க, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைத் தாமே முயன்று கற்றார். பட்டறைச் சுவரில் உலகப் படம் ஒன்று தொங்கியது.

அவர் பேச்சு வல்லவர் அல்லர். ஓல்னி என்னும் ஊர்ச் சபையார் அவருடைய முதற் பிரசங்கத்தைக் கேட்டபின், போதகராக ஏற்க உடனே இசையவில்லை. இன்னும் பழகி வரட்டும் என்று ஒத்தி வைத்தனர். கேரி வருந்தினாரேயன்றி வெகுளவில்லை. காத்திருந்து, மீண்டும் முயன்று, ஒப்புதல் பெற்றார். பிற்காலத்தில், தம் வரலாற்றை எழுதுவோர் தம்மைத் தளராது நடப்பவன் என்று கூறினால் அதுவே போதும் என்று உறவினரிடம் தெரிவித்தார்.

1793ஆம் ஆண்டு நவம்பரில் அவர் குடும்பத்துடன் வங்காளம் வந்தடைந்தார். கையில் பொருளில்லை, கம்பெனி ஆட்சியின் அனுமதியும் இல்லை. மால்டாப் பகுதியில் ஓர் அவுரித் தொழிற்சாலையை மேற்பார்த்துப் பிழைத்தார். அங்கே 1794ஆம் ஆண்டில் ஐந்து வயது மகன் பீட்டர் மாண்டான். வர மனமின்றி வந்த மனைவியார் டாரதி அத்துயரால் அறிவு கலங்கினார். 1807ஆம் ஆண்டில் இறக்கும்வரை தெளியவில்லை. கேரியின் தொண்டுக்கு அவர் கொடுத்த விலையை யாரும் மறத்தல் ஆகாது. மனைவியின் ஓலம் அடுத்த அறையில் ஒலிக்க, கேரி மொழிபெயர்ப்பில் அமர்ந்திருந்தார் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி.

1800ஆம் ஆண்டு ஜனவரியில் டேனியர் ஆட்சியிலிருந்த சீராம்பூரில் குடியேறினார். மார்ஷ்மன், வார்டு ஆகிய இருவரும் துணை நின்றனர். ஏழாண்டு உழைத்தும் ஒருவரும் கிறிஸ்தவ நெறியில் சேரவில்லை. அவ்வாண்டின் இறுதியிலேதான் கிருஷ்ண பால் என்னும் தச்சர் முதல்வராகத் திருமுழுக்குப் பெற்றார். 1801ஆம் ஆண்டில் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சேறியது. அதே ஆண்டு கேரி கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காள மொழி ஆசிரியரானார். திங்கள் ஊதியம் 500 ரூபாய். பின்னர் 1000 ரூபாய். தமக்கெனச் சிறு தொகை கொண்டு, எஞ்சியதை எல்லாம் பொதுப் பணிக்கு அளித்தார்.

ஆளுநர் மாளிகை விருந்தொன்றில் படைத்தலைவர் ஒருவர், இவர் முன்னாளில் சப்பாத்துச் செய்தவர் அல்லரோ என்று அருகிருந்தவரிடம் இளக்காரமாக வினவினார். அது செவியில் விழவே கேரி, தாம் சப்பாத்துச் செய்யும் அளவுக்கு உயர்ந்தவரல்லர், பழஞ்செருப்புத் தைத்தவரே என்று திருத்தினார். தாழ்த்த எண்ணியவர்க்குத் தாழ்த்த இடமில்லாது போயிற்று.

பெருஞ்சோதனை 1812ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் மாலையில் வந்தது. சீராம்பூர் அச்சகம் தீப்பற்றி எரிந்தது. அச்செழுத்துகள், தாள், பன்மொழி அகராதியின் கையெழுத்துப்படி, தெலுங்கு, பஞ்சாபி இலக்கணங்கள், இராமாயண மொழிபெயர்ப்பின் பகுதிகள் யாவும் அழிந்தன. தமிழ் எழுத்துகளும் அவற்றுள் அடங்கும். கல்கத்தாவிலிருந்த கேரிக்கு மறுநாள் மார்ஷ்மன் செய்தி கொணர்ந்தார். கண்ணீர் விட்ட கேரி, தம் உழைப்பைத் தாம் மிகையாகப் பாராட்டிய பெருமையை இறைவன் களைந்தான் என்று கருதினார்; யாரையும் பழிக்கவில்லை. சாம்பலுள் எழுத்து வார்க்கும் எஃகு அச்சுகள் பழுதின்றிக் கிடைத்தன. உருகிய ஈயத்தையே திரட்டி மீண்டும் எழுத்து வார்த்தனர். ஒருமுறை நடந்த வழியில் மறுமுறை நடத்தல் எளிது என்ற எண்ணத்துடன் கேரி இழந்தவற்றுள் பலவற்றை மீண்டும் எழுதலானார்.

அவருடைய மொழிபெயர்ப்புகள் பிழையற்றவை அல்ல. அதனை அவரே அறிந்திருந்தார். வங்காளப் புதிய ஏற்பாட்டை வாழ்நாள் இறுதிவரை திருத்திக்கொண்டே இருந்தார். 1818ஆம் ஆண்டில் சீராம்பூர்க் கல்லூரியும் 1820ஆம் ஆண்டில் வேளாண் தோட்டக்கலைச் சங்கமும் அவர் முயற்சியால் தோன்றின. 1829ஆம் ஆண்டு டிசம்பரில் உடன்கட்டையைத் தடை செய்த ஆணை மொழிபெயர்ப்புக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாள் தாழ்ந்தாலும் உயிர்கள் போகுமென்று, பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டு அன்றே முடித்தார்.

இறுதி நோயில், தம்மைக் காண வந்த இளம் ஊழியர் அலெக்சாண்டர் டஃப் கேரியின் பெருமையையே பேசக் கேட்டு, இனித் தம்மைப் பற்றிப் பேசவேண்டாம், மீட்பரைப் பற்றியே பேசுக என்று வேண்டினார். 1834ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், 72ஆம் வயதில் மறைந்தார். கல்லறையில் பெயரும் நாளும், இறைவன் கரத்தில் வீழும் ஏழையெனத் தம்மைச் சொல்லும் ஈரடிப் பாட்டுமே பொறிக்க ஏற்பாடு செய்திருந்தார்.

நாமும் பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறி வாழ்பவர்கள். வந்த ஊரின் மொழியைக் குழந்தைபோல் தவறித் தவறிக் கற்க நாணாதவர் கேரி. அண்டை வீட்டாரின் மொழியைப் பிழையுடன் பேச நாணி வாய்மூடி இருப்பது பெருமை அன்று. நம் காலனிச் சிறார்க்கு இதனைச் சொல்லி வைப்போமாக, நாமும் பின்பற்றுவோமாக.