அர்ச். யோசேப் வாஸ் சுவாமியார்

துன்பம் நீடிக்கும்போது, சர்வேசுரன் நம்மைக் கைவிட்டாரோ என்று மனம் கலங்குகிறது. அப்போது இந்தப் பரிசுத்த குருவின் சரித்திரம் நமக்கு ஆறுதலாகும்.

அவர் 1651-ல் கோவாவில் பிறந்தார். 1658-ல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், குருக்களைத் துரத்திச் சத்திய வேதத்தைத் தடைசெய்தனர். மேய்ப்பனற்ற அந்த மந்தையைத் தேடி, 1687-ல் அவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். கழுத்தில் செபமாலை தரித்து, வீடு வீடாய்ப் பிச்சை கேட்டு, மறைந்திருந்த கத்தோலிக்கரை அறிந்துகொண்டார். இரவில் இரகசியமாய்ப் பூசை செய்தார்.

1692-ல் கண்டி சென்றபோது, ஒற்றன் என்று அரசன் அவரைச் சிறையிலிட்டான். அவரோ அங்கேயே சிங்களம் கற்றார். கிறிஸ்து பிறப்புத் திருநாளையும் காவலிலேயே கொண்டாடினார். 1697-ல் பெரியம்மை பரவியது. உற்றாரே கைவிட்ட நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் தந்து, இறந்தோரை அடக்கம் செய்தார். சிறையிட்ட அரசனே அவரை மதித்தான்.

1711 ஜனவரி 16-ல் கண்டியில் மரித்தார். ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதோ 1796-ல்தான். 2015-ல் பிரான்சிஸ் பாப்பானவர் கொழும்பில் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

துன்பம் தீரும் நாளை அவர் காணவில்லை. ஆயினும் அன்றன்றைய கடமையைச் செய்து, பலனை ஆண்டவர் கையில் ஒப்புவித்தார். அவர் விதைத்த விசுவாசம் இன்றும் இலங்கையில் வாழ்கிறது. நம் வீட்டில் நோயோ கடனோ வருத்தும்போது, நாமும் குடும்பமாய்ச் செபமாலை சொல்லி, அவ்வாறே நடப்போமாக.