பழி சுமந்த பேரறிஞர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

மும்பை மாநகரில் பரேல் என்னும் பகுதியில் ஹாப்கின் பெயரைத் தாங்கிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இன்றும் இருக்கிறது. அப்பெயருக்குரிய வால்டெமார் ஹாப்கின், காலராவுக்கும் பிளேக் நோய்க்கும் தடுப்பூசி கண்டவர். நம் நாட்டு மக்களைக் காக்க நம் நாட்டுக்கே வந்து உழைத்தவர். தாம் கண்ட மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டவர். இத்தகைய மனிதர் மீது பத்தொன்பது உயிர்களைப் பறித்த பழி விழுந்தது. அப்பழி எப்படி வந்தது, எப்படி நீங்கியது என்பதை அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அதனாலேயே அவர் வாழ்க்கையை இங்கே எழுதத் துணிந்தேன்.

ஒடெசாவின் விலங்கியல் மாணவர்

அந்நாளில் ரஷ்யப் பேரரசில் அடங்கியிருந்ததும் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளதுமான ஒடெசா நகரில், 1860-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் ஹாப்கின் பிறந்தார். ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாப் அவருடைய ஆசிரியர். படிப்பில் முதன்மையாக விளங்கியும் யூதர் என்பதால் அவருக்குப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. மதம் மாறினால் வழி திறக்கும் என்ற நிலை இருந்தும் அவர் மாற மறுத்தார். 1888-இல் நாட்டை விட்டு வெளியேறி ஜெனீவா சென்றார். மறு ஆண்டு பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் வேலை. பகலில் புத்தகங்களை அடுக்கியவர், ஓய்ந்த நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தார்.

நாம் முதலாண்டிலேயே நுண்ணோக்கியில் கண்ட பாரமீசியத்தை நினைத்துப் பாருங்கள். அதனுள் வாழும் ஒட்டுண்ணிகளுக்கு ஹோலோஸ்போரா என்று 1890-இல் பெயரிட்டவர் இவரே. விலங்கியல் படித்து என்ன செய்யப் போகிறாய் என்று எங்கள் ஊரில் பலர் என்னைக் கேட்டதுண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என்ன விடை சொல்வதென்று எனக்கு வழிகாட்ட வீட்டில் எவரும் இல்லை. ஹாப்கினின் வாழ்க்கை அவ்விடையைத் தந்தது. பாரமீசியத்தை ஆராய்ந்த அதே கண்கள்தாம் பின்னர் காலராக் கிருமியையும் ஆராய்ந்தன.

காலராவை எதிர்த்து

காலராக் கிருமியைக் கினிப்பன்றிகளின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி அதன் வீரியத்தைக் கூட்டினார். மற்றொரு பகுதியை வெப்பத்தாலும் காற்றோட்டத்தாலும் வலுவிழக்கச் செய்தார். முதலில் வலுக் குறைந்த ஊசி, சில நாட்களுக்குப் பின் வீரியம் மிக்க ஊசி என்பது அவர் வகுத்த முறை. 1892 ஜூலை 18-ஆம் நாள் அதைத் தமக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டன. சில நாட்களில் தணிந்தன.

1893-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். இங்கே அவர் செய்த பணியில் என்னை மிகவும் கவர்ந்தது அவர் கணக்கெடுத்த விதம். ஒரே வீட்டில் வாழ்ந்து, ஒரே நீரைக் குடிப்போரில் சிலர் ஊசி போட்டுக்கொள்வர், சிலர் போட்டுக்கொள்ளார். இருசாராரையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். 1894-இல் காட்டால் பாகான் என்ற குடிசைப் பகுதியில் ஏறத்தாழ 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அங்கே பத்துப் பேருக்குக் காலரா கண்டு, ஏழு பேர் மாண்டனர். அப்பத்துப் பேருமே ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள். இரண்டாண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார். மலேரியாவால் உடல் நலிந்து 1895-இல் ஐரோப்பா சென்றவர், மறு ஆண்டே திரும்பி வந்தார்.

பம்பாயில் பிளேக்

1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. மக்கள் நகரை விட்டு ஓடினர். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இந்நோய் நம் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமும் ஹாப்கினுக்கு ஒதுக்கப்பட்டன. அங்கே அவர் கிருமியை இறைச்சிச் சாற்றில் வளர்த்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் மறுக்கக் கூடாதே என்று ஆட்டிறைச்சியையே பயன்படுத்தினார். சாற்றின் மேல் சிறிது நெய்யை மிதக்க விட்டார். நெய்த்துளிகளிலிருந்து கிருமிக் கூட்டம் விழுதுபோல் கீழ்நோக்கி வளர்ந்தது. அதை வெப்பத்தால் கொன்று தடுப்பு மருந்தாக்கினார். 1897 ஜனவரி 10-ஆம் நாள் மீண்டும் முதல் ஊசி அவர் உடலிலேயே ஏறியது. அம்மாதமே பைகுல்லாச் சிறையில் பிளேக் பரவியபோது, ஊசி போட்டுக்கொண்ட கைதிகளிடையே நோய் குறைவாகவே கண்டது. ஆகா கான் தாமே ஊசி போட்டுக்கொண்டு தம் மக்களின் அச்சத்தைப் போக்கினார். 1899-இல் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகை ஹாப்கினின் ஆய்வுக்கூடமாயிற்று.

முல்கோவால்

1902-இல் பஞ்சாப் முழுவதும் ஊசி போடும் திட்டம் தொடங்கியது. பெருமளவு மருந்து விரைவில் தேவைப்பட்டது. மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் பழைய முறையை விட்டு, வெப்பத்தையே நம்பும் முறைக்கு ஹாப்கின் மாறினார். அக்டோபர் 30-ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள முல்கோவால் என்ற சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஐந்து புட்டிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒரே ஒரு புட்டியிலிருந்து ஊசி பெற்ற பத்தொன்பது பேரும் இரணஜன்னி கண்டு இறந்தனர். மற்றப் புட்டிகளால் எவருக்கும் தீங்கு நேரவில்லை.

விசாரணைக் குழு, மருந்து பம்பாயிலேயே மாசுபட்டது என்று முடிவு செய்தது. ஹாப்கின் பணியிலிருந்து நீக்கி வைக்கப்பட்டார். அவர் மருத்துவப் பட்டம் பெறாதவர், அயலவர், யூதர். அவருக்காகப் பேச ஆள் குறைவு. நாட்டை விட்டுச் சென்று, ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைத் திரட்டினார்.

உண்மையோ விசாரணைச் சாட்சியத்திலேயே இருந்தது. அன்று புட்டியைத் திறந்தபோது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. அதைக் கிருமிநாசினி நீரில் அலசியெடுத்து, அதைக் கொண்டே தக்கையைப் பிடுங்கினர். மண்ணில் வாழ்வது இரணஜன்னிக் கிருமி. அதன் வித்துக்கள் வெறும் அலசலில் சாவதில்லை. இக்கிருமி பல வாரங்கள் புட்டிக்குள் வளர்ந்திருந்தால் திறந்தவுடன் நாற்றம் வீசியிருக்கும். திறந்தவர் அப்படி எதையும் உணரவில்லை. மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் இவ்வாதங்களை எடுத்துப் போராடினார். 1907 ஜூலையில் அவரும் வேறு அறிஞர்களும் கையொப்பமிட்ட கடிதம் லண்டன் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஹாப்கின் குற்றமற்றவர் என்று அரசு ஏற்றுக்கொண்டது.

திரும்பிய பின்

பழி நீங்கியது, பறிபோன ஆண்டுகள் திரும்பவில்லை. கல்கத்தாவுக்கு வந்தவருக்குத் தடுப்பு மருந்து தயாரிக்க வசதி செய்து தரப்படவில்லை. 1914-இல் ஓய்வு பெற்றுச் சென்றார். 1925-இல் பரேல் ஆய்வுக்கூடம் அவர் பெயரைப் பெற்றது. 1930 அக்டோபர் 26-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். 1964-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

இன்று காலராவுக்கு வாய்வழிக் கொடுக்கும் தடுப்பு மருந்தும், பிளேக்கிற்கு உயிரெதிரி மருந்துகளும் வந்துவிட்டன. தூய குடிநீரும் எலி ஒழிப்பும் அவற்றுக்குத் துணை நிற்கின்றன. ஹாப்கின் வகுத்த பழைய ஊசி முறைகள் வழக்கொழிந்தன. ஆயினும் ஊசி போட்டோரையும் போடாதோரையும் எண்ணி ஒப்பிடும் அவருடைய நேர்மை இன்றும் மருந்துச் சோதனைகளுக்கு அடிப்படையாக இருக்கிறது.

இடுக்கியைத் தவறவிட்ட அந்த உதவியாளரைப் பழிப்பது என் நோக்கமன்று. கைதவறுதல் யாருக்கும் நேரும். ஆனால் விழுந்த கருவியை முறைப்படித் தூய்மை செய்யாமல் எடுத்தாண்டது பத்தொன்பது குடும்பங்களை அழ வைத்தது. ஓர் அறிஞரின் வாழ்வையும் குலைத்தது. ஆய்வக வகுப்பில் கருவியைச் சுடரில் காட்டி எடுக்குமாறு நம் ஆசிரியர்கள் ஒவ்வொரு முறையும் வற்புறுத்துவது வெறும் சடங்கன்று. நாளை நம்மில் சிலர் மருத்துவமனை ஆய்வகங்களிலும் பால் பண்ணைகளிலும் குடிநீர்ச் சோதனைக் கூடங்களிலும் பணியாற்றுவோம். அங்கே நம் பெயரை அறியாதவர்களின் உயிர் நம் கையில் இருக்கும். நண்பர்களே, அந்தக் கையைத் தூயதாக வைத்திருப்பதே ஹாப்கினுக்கு நாம் செலுத்தும் நன்றி.