ஆசானுக்கு இசையாத ஆய்வேடு
ஐராவதி கார்வே அம்மையாரின் வாழ்வு

நார்த்தாமலையின் மேலமலையில் நிற்கும் கற்றளி விசயாலய சோழீச்சரம் என வழங்கப்பெறுகிறது. பெயரைக் கேட்போர் அதனை விசயாலய சோழன் எடுப்பித்த கோயில் என்றே கொள்வர். ஆனால் வாயிற்காவலர் சிற்பத்தின் கீழுள்ள கல்வெட்டு வேறொரு செய்தியைத் தருகிறது. முத்தரையர் குலத்து இளங்கோவதியரையர் எழுப்பிய கற்றளி மழையால் சிதைய, மல்லன் விடுமன் என்பவன் அதனைப் புதுப்பித்தான் என்பதே அச்செய்தி. வழங்கிவரும் பெயர் ஒன்று சொல்ல, கல் வேறொன்று சொல்லும்போது கல்லின் பக்கம் நிற்பதே ஆய்வாளர் கடன். அதிலும், அப்பெயரை வழங்கியவர் தம் ஆசானாகவே இருந்துவிட்டால் அக்கடன் மிகவும் கடினமாகிவிடுகிறது. அத்தகைய கடனைத் தம் இருபதுகளின் நடுவிலேயே தயங்காது ஆற்றியவர், இந்தியச் சமூகவியல், மானிடவியல் துறைகளின் முன்னோடியான ஐராவதி கார்வே அம்மையார்.

அம்மையார் 1905ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் பர்மாவில் பிறந்தார். தந்தை கணேஷ் ஹரி கர்மார்க்கர் அங்குப் பொறியாளராகப் பணியாற்றினார். அந்நாட்டின் பேராறான ஐராவதியின் பெயரே குழந்தைக்கு இடப்பெற்றது. ஏழாம் அகவையில் பூனா நகருக்குப் படிக்க அனுப்பப்பட்ட சிறுமி, ஹுசூர்பாகா பெண்கள் பள்ளியின் விடுதியில் சேர்ந்தாள். உடன் பயின்ற சகுந்தலா பராஞ்சபேயின் இல்லம் அவளுக்கு இரண்டாம் தாய்வீடாயிற்று. சகுந்தலாவின் தந்தை, பெர்குசன் கல்லூரி முதல்வரும் கணிதப் பேரறிஞருமான ரேங்ளர் பராஞ்சபே ஆவார். நூல்களும் விவாதங்களும் நிறைந்த அவ்வில்லத்தில், பெரியோர் கூற்றையும் காரணம் கேட்டே ஏற்கும் பழக்கம் அவளுக்கு வாய்த்தது.

1926இல் பெர்குசன் கல்லூரியில் தத்துவத்தில் இளங்கலைப் பட்டம் பெற்ற அம்மையார், தட்சிணா உதவித்தொகை பெற்றுப் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சமூகவியல் துறையில் சேர்ந்தார். அத்துறையின் தலைவர் கோவிந்த் சதாசிவ் குர்யே. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்த குர்யே, பின்னாளில் இந்தியச் சமூகவியலாளர் பலரை உருவாக்கியவர். அவரிடம் முதுகலை ஆய்வேட்டுக்கு அம்மையார் எடுத்துக்கொண்ட பொருள் சித்பவன் பிராமணர் என்னும் வகுப்பு. அது அவர் பிறந்த வகுப்பே ஆகும். தாம் பிறந்த குலத்தை ஆய்வுப் பொருளாக வெளியே நிறுத்தி நோக்குதல் எளிதன்று. பெருமை பேசும் வாய்ப்பும் குறை மறைக்கும் வாய்ப்பும் ஒருங்கே உள்ள இடம் அது. அவ்வேட்டுக்கு 1928இல் முதுகலைப் பட்டம் கிடைத்தது. அதில் தொடங்கிய வினாவோ அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

குர்யேயிடம் பயின்ற காலத்திலேயே வேதியியல் பேராசிரியர் தினகர் கார்வேயை அவர் மணந்தார். தினகரின் தந்தை, கைம்பெண் மறுமணத்துக்கும் பெண்கல்விக்கும் வாழ்வை ஈந்த மகரிஷி தோண்டோ கேசவ கார்வே. பெண்களுக்கெனப் பல்கலைக்கழகம் கண்ட அப்பெரியவர், தம் மருமகள் உயராய்வுக்காக ஜெர்மனி செல்வதை மட்டும் விரும்பவில்லை. ஊருக்குத் திறந்த கதவு வீட்டுக்குத் திறக்கத் தயங்கிய முரண் இது. கணவர் துணைநின்றார். பின்னாளில் குஜராத்தின் முதல் முதலமைச்சரான ஜீவராஜ் மேத்தா கடன் தந்து உதவினார். 1920களின் இறுதியில் அம்மையார் பெர்லின் சேர்ந்தார்.

அங்கு அவர் சேர்ந்த இடம் 1927இல் நிறுவப்பெற்ற கைசர் வில்ஹெல்ம் மானிடவியல் நிறுவனம். மனித மரபியலையும் இனமேம்பாட்டியலையும் தன் பெயரிலேயே தாங்கிய நிறுவனம் அது. அதன் இயக்குநர் ஓய்கன் ஃபிஷரே அம்மையாருக்கு நெறியாளரானார். மண்டையோட்டின் வலப்புறமும் இடப்புறமும் அளவில் ஒத்திருப்பதில்லை. ஐரோப்பியரிடம் இவ்வேறுபாடு ஒரு குறிப்பிட்ட முறையில் அமைந்துள்ளது, அதுவே அவர்தம் பகுத்தறிவு மேன்மைக்குச் சான்று என்பது ஃபிஷரின் கருதுகோள். அதனை மெய்ப்பிக்கும் பணி இந்திய மாணவியிடம் ஒப்படைக்கப்பட்டது. வெள்ளையரல்லாத ஒருவரின் கையாலேயே வெள்ளையரின் மேன்மைக்கு அளவெடுக்கச் செய்த விந்தை அது.

அம்மையார் 149 மண்டையோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அளந்தார். அவற்றுள் பல, ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டவை. அளவுகள் ஆசானின் கருதுகோளுக்கு இசையவில்லை. வலம் இடம் வேறுபாடு எல்லா மக்களிடமும் உண்டு. அதற்கும் இனத்துக்கும் தொடர்பில்லை என்பதே அவர் கண்ட முடிவு. அயல்நாட்டில், கடன் பணத்தில், அயல்மொழியில் பட்டத்துக்காகக் காத்திருந்த இளம்பெண் அவர். எண்களைச் சற்றே வளைத்திருந்தால் ஆசானின் அன்பும் உயர்தரமும் ஒருங்கே கிட்டியிருக்கக்கூடும். அவரோ முடிவை உள்ளபடியே எழுதி, அதே ஆசானின் மதிப்பீட்டுக்கு வைத்தார். ஆய்வேடு ஏற்கப்பட்டது, ஆயினும் ஃபிஷர் அளித்தது மிகக் குறைந்த தேர்ச்சித் தரமே. சில ஆண்டுகளில் ஹிட்லரின் ஆட்சி வந்தது. 1933இல் ஃபிஷர் பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்றார். அவருடைய நிறுவனம் நாஜிகளின் இனக்கொள்கைக்கு அறிவியல் முகமூடியாயிற்று. எந்தக் கொள்கை கோடிக்கணக்கான மக்களைத் துன்பத்தில் ஆழ்த்தியதோ, அதன் அடித்தளத்துக் கல் ஒன்றை ஓர் இந்திய மாணவி முன்னரே உருவிவிட்டிருந்தார்.

நாடு திரும்பிய அம்மையார் 1931 முதல் 1936 வரை, மாமனார் நிறுவிய பெண்கள் பல்கலைக்கழகத்தில் பதிவாளராகப் பணிபுரிந்தார். 1939இல் பூனா தெக்காணக் கல்லூரியில் சமூகவியல் ஆசிரியராகச் சேர்ந்து, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். இல்லறமும் மூன்று மக்களின் வளர்ப்பும் ஒருபுறம். ஊர் ஊராகக் கள ஆய்வு மறுபுறம். கவிஞரும் எழுத்தாளருமான கௌரி தேஷ்பாண்டே இவர்தம் மகளார்.

முதல் ஆசானோடும் கருத்து மாறுபாடு எழுந்தது. ஒரு பெரிய சாதி காலப்போக்கில் உடைந்தே உட்சாதிகள் தோன்றின என்பது குர்யேயின் கருத்து. ஒரே பெயரைத் தாங்கிய குழுக்கள் தொடக்கமுதலே வெவ்வேறானவை, தொழிலும் தகுதியும் ஒன்றாதலின் ஒரு பெயர்க்குள் வந்தவை என்றார் அம்மையார். மராட்டியத்துக் குயவருள் பெரிய சக்கரத்தில் வனைவோரும் சிறிய சக்கரத்தில் வனைவோரும் தமக்குள் மணவுறவு கொள்ளாத தனித்தனிக் குழுவினர் எனக் காட்டினார். மராட்டியத்துப் பிராமண வகுப்புகள் எட்டினை ஒப்பிட்டு மல்ஹோத்ராவுடன் இணைந்து அவர் எழுதிய கட்டுரை 1968இல் வெளிவந்தது. முதுகலை ஏட்டில் தொடங்கிய வினா, நாற்பதாண்டுகள் கழித்து இவ்வாறு விடை தேடிற்று.

குறை கூறவும் இடமுண்டு. இனத்தையும் அறிவையும் மண்டையோட்டால் இணைக்க மறுத்த அம்மையார், சாதிகளை ஒப்பிட உடலளவுகளையும் குருதிப் பிரிவுகளையும் இறுதிவரை கையாண்டார். பெர்லினில் பயின்ற கருவியை அவர் முற்றிலும் கைவிடவில்லை. இதனைப் பின்வந்த ஆய்வாளர் சுட்டியுள்ளனர். ஆசானை மறுத்தவரையும் மாணவர் மறுத்தல் ஆய்வுலகின் முறையே.

1953இல் வெளிவந்த இந்திய உறவுமுறை பற்றிய நூல் அவர்தம் பெரும்பணி. நாட்டை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என நான்கு மண்டலங்களாக வகுத்து, உறவுப்பெயர்களை மொழிவாரியாகத் தொகுத்தார். நார்த்தாமலை அடிவாரத்து ஊர்களில் தாயுடன் பிறந்தானும் மாமன், கணவனின் தந்தையும் மாமன். அத்தை மகனுக்கும் அக்காள் மகளுக்கும் முறை பேசும் தமிழர்க்கு இது நாளும் காணும் வழக்கு. இவ்வழக்கிலிருந்து தென்னாட்டுப் பெண் அறிந்த வீட்டுக்கே வாழப்போகிறாள், வடநாட்டுப் பெண்ணோ அறியாதார் வீட்டுக்குச் செல்கிறாள் என்ற வேற்றுமையை அவர் விளக்கினார். ஒரு சொல்லுக்குள் ஒரு சமூகத்தின் அமைப்பே உறைந்திருப்பதைக் கவிஞர்க்கும் காட்டும் நூல் அது.

மகாபாரத மாந்தரை ஆராய்ந்து மராத்தியில் அவர் எழுதிய யுகாந்தா 1967இல் வெளியாகி, 1968ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. பீஷ்மரின் தியாகத்தால் துன்புற்ற பெண்கள் எத்தனை பேர், தருமனுக்கும் விதுரனுக்கும் இடையிலான உறவு யாது எனப் பூசனைக்குரியோரிடமும் அவர் வினா தொடுத்தார். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் கேட்டு வளர்ந்த தமிழ் நெஞ்சங்களுக்கு அவ்வினாக்கள் அதிர்ச்சி தரக்கூடும். ஆயினும் அவற்றில் பகையில்லை. காவியத்தைக் காதலித்தவர் அதன் சொற்களைக் கூர்ந்து படித்ததன் விளைவே அவை.

1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் அம்மையார் மறைந்தார். பெர்லினில் அவர் பெற்ற குறைந்த தரத்தை இன்று எவரும் குறையாகக் கருதுவதில்லை. அத்தரத்தை இட்டவரின் கொள்கையே அறிவுலகில் மதிப்பிழந்தது. தொகுத்த தரவு ஒன்றாகவும் எதிர்பார்க்கப்படும் முடிவு வேறாகவும் அமைந்து கலங்கி நிற்கும் ஆய்வு மாணவர்க்கு, 149 மண்டையோடுகளின் முன் தனித்து நின்ற அவ்விளம்பெண்ணின் வாழ்வு துணையாகும்.