தெருவைக் கூட்ட ஒரு மனிதர்: பெஞ்சமின் பிராங்க்ளினின் பிலடெல்பியா

அமெரிக்க அரசியல் என்றாலே நமது வீடுகளில் பேச்சு வெள்ளை மாளிகையைச் சுற்றித்தான் நடக்கும். யார் அதிபர், எந்த நாட்டின் மீது என்ன நடவடிக்கை என்பதற்கு மேல் நாம் போவதில்லை. அந்த நாட்டில் தெருவிளக்கு எப்படி வந்தது, தீயணைப்புக் குழு எப்படி உருவானது, ஏழைக்கு மருத்துவமனை யார் கட்டினார்கள் என்று கேட்டால் கதை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. அதிபர் பதவியே பிறக்காத காலத்தில், பிலடெல்பியா நகரில் அச்சகம் நடத்திய ஒருவரிடமிருந்து அது தொடங்குகிறது.

அவர் பெஞ்சமின் பிராங்க்ளின். நூறு டாலர் நோட்டில் இருக்கும் முகம் அவருடையது. இடிமழையில் பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், பிரான்சில் தூதராக இருந்தவர் என்பதெல்லாம் பெரிய நூல்களில் விரிவாக உள்ளன. அவற்றை விட்டுவிட்டு, அவர் தன் தெருவில் என்ன செய்தார் என்பதை மட்டும் நாம் பார்ப்போம்.

1706 ஜனவரி 17 அன்று பாஸ்டனில் பிறந்தார். தந்தை மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். பதினேழு பிள்ளைகளில் பிராங்க்ளின் பதினைந்தாவது. பள்ளிப் படிப்பு இரண்டு ஆண்டுகளோடு முடிந்தது. பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். அண்ணனின் அடி தாங்காமல் 1723இல், பதினேழு வயதில், தப்பித்து பிலடெல்பியா வந்து சேர்ந்தார். அந்த ஊரில் அவருக்குச் சொந்தம் என்று யாருமில்லை, கையில் காசும் அதிகமில்லை.

நான்கே ஆண்டுகளில், 1727இல், ஒரு சிறு குழுவை அமைத்தார். அதன் பெயர் ஜன்டோ. வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர்தான். பத்திரம் எழுதுபவர், கண்ணாடி பொருத்துபவர், நில அளவையாளர், செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர், மரவேலை செய்பவர், கடைக் கணக்கர் என்று எல்லாரும் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். ஊரில் என்ன குறை, அதற்கு என்ன செய்யலாம் என்று ஒருவர் எழுதி வந்து படிப்பார், மற்றவர்கள் விவாதிப்பார்கள். விவாதம் சண்டையாக மாறக் கூடாது என்பதற்காக, அடித்துப் பேசுகிறவருக்குச் சிறிய அபராதம்கூட வைத்திருந்தார்கள்.

இந்தக் குழுவிலிருந்து பிறந்த முதல் பெரிய காரியம் நூலகம். அன்று புத்தகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும், விலையும் அதிகம். ஐம்பது பேர் முதலில் ஆளுக்கு நாற்பது ஷில்லிங், பிறகு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் சந்தா தருவது என்று 1731இல் திட்டம் போட்டார் பிராங்க்ளின். பணம் கேட்டு வீடு வீடாகச் சென்றபோது அவருக்கு ஒரு பாடம் கிடைத்தது. இது என் திட்டம் என்று சொன்னால் மக்கள் தயங்கினார்கள். இந்தக் காரியத்தால் இவருக்குத்தானே பெயர் வரும், நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்தது. உடனே அவர் தன்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். சில நண்பர்கள் சேர்ந்து யோசித்த திட்டம், என்னை வசூலிக்க அனுப்பியிருக்கிறார்கள் என்று பேசத் தொடங்கினார். பணம் வந்தது. அதன்பின் எந்தப் பொதுக் காரியத்திலும் அவர் இதே வழியைத்தான் கையாண்டார். பெயரை விட்டுக்கொடுத்தால் வேலை நடக்கும் என்பதை இருபத்தைந்து வயதில் அறிந்துகொள்பவர்கள் குறைவு. (விட்டுக்கொடுத்த பெயர் பின்னர் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது என்பதையும் அவர் தன் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதி வைத்தார்.)

அடுத்தது இரவுக் காவல். பிலடெல்பியாவில் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கான்ஸ்டபிள் உண்டு. அவர் முறை வைத்து வீட்டுக்காரர்களை இரவு ரோந்துக்கு அழைப்பார். வர விரும்பாதவர்கள் ஆண்டுக்கு ஆறு ஷில்லிங் கட்டி விலகிக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் மாற்று ஆட்களை அமர்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. நடந்ததோ வேறு. கான்ஸ்டபிள்கள் பெரும்பகுதியைத் தாங்களே வைத்துக்கொண்டு, கொஞ்சம் மது வாங்கிக் கொடுத்து, கண்ட ஆட்களைக் கூட்டி வந்தார்கள். ரோந்து நடக்கவில்லை, குடிதான் நடந்தது.

இந்த ஊழலை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிராங்க்ளின் அதற்குள் இருந்த இன்னொரு அநீதியைப் பிடித்தார். ஐம்பது பவுண்டு மதிப்புள்ள பொருள்கூட இல்லாத ஏழை விதவையும் ஆறு ஷில்லிங் கட்டுகிறார். கிடங்கில் ஆயிரக்கணக்கான பவுண்டு சரக்கு வைத்திருக்கும் வணிகரும் அதே ஆறு ஷில்லிங்தான் கட்டுகிறார். யாருடைய சொத்தைக் காப்பதற்கு யார் பணம் தருகிறார்கள்? சொத்துக்கு ஏற்ப வரி, நிரந்தரச் சம்பளத்தில் காவலர்கள் என்று அவர் எழுதி ஜன்டோவில் படித்தார். ஜன்டோ உறுப்பினர்கள் தொடங்கியிருந்த கிளைக் குழுக்களுக்கும் அந்த யோசனை போனது. ஒவ்வொரு குழுவும் அது தங்களுடைய சொந்த யோசனை என்று நினைக்கும்படிதான் போனது! சட்டமாவதற்கு ஆண்டுகள் பிடித்தன. குழு உறுப்பினர்கள் ஊரில் செல்வாக்கு பெறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1736 டிசம்பரில் தீயணைப்புக் குழு உருவானது. உறுப்பினர்கள் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருட்களை எடுத்துச் செல்லப் பைகளையும் கூடைகளையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூட்டம். வராதவர்களுக்கு அபராதம், அந்த அபராதத்தில் ஏணியும் தீயணைப்பு இயந்திரமும் வாங்கினார்கள். முப்பது பேர் சேர்ந்ததும், மேலும் வந்தவர்களிடம் நீங்களே தனியாக ஒன்று தொடங்குங்கள் என்று சொன்னார்கள். ஒன்று பலவாகி, நகரின் சொத்துடைய குடும்பங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு தீயணைப்புக் குழுவில் இருந்தன.

எங்களுக்கு மிகவும் பிடித்தது துடைப்பக் கதைதான். சந்தைக்கு அருகிலிருந்த தெரு மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் புழுதி. பிராங்க்ளின் அருகில்தான் குடியிருந்தார். காய்கறி வாங்க வருவோர் சேற்றில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து, பேசியும் எழுதியும் அந்தப் பகுதிக்குக் கல் பாவ வைத்தார். ஆனால் மற்றத் தெருக்களிலிருந்து வரும் வண்டிகள் சக்கரத்தில் கொண்டுவந்த சேற்றை இந்தக் கல்லின் மீது உதறிவிட்டுப் போயின. கூட்டிச் சுத்தம் செய்ய நகராட்சியில் ஆளில்லை.

பிராங்க்ளின் விசாரித்து, உழைப்பாளியான ஓர் ஏழையைத் தேடிப் பிடித்தார். வாரம் இருமுறை தெருவைக் கூட்டி, வீட்டு வாசல்களில் கிடக்கும் அழுக்கையும் அள்ளிச் செல்ல அவர் ஒப்புக்கொண்டார். கூலி, வீட்டுக்கு மாதம் ஆறு பென்ஸ். பிறகு பிராங்க்ளின் ஒரு துண்டுத்தாள் அச்சடித்தார். வீட்டுக்குள் சேறு வராது, கடைகளுக்கு வாடிக்கையாளர்கள் எளிதாக வருவார்கள், காற்றடித்தால் சரக்கின் மீது புழுதி படியாது என்று ஆறு பென்ஸுக்குக் கிடைக்கும் நன்மைகளை அதில் எழுதினார். வீட்டுக்கு ஒன்று அனுப்பிவிட்டு, ஓரிரு நாள் கழித்து யார் யார் சம்மதம் என்று நேரில் போய்க் கேட்டார். ஒருவர் விடாமல் கையெழுத்திட்டார்கள். சந்தைக்கு வந்த ஊர் மக்கள் சுத்தமான தெருவைப் பார்த்தார்கள், எங்கள் தெருவுக்கும் வேண்டும் என்றார்கள், அதற்கு வரி கட்டவும் மனம் இசைந்தார்கள். அதன் பிறகுதான் நகரம் முழுவதற்கும் கல் பாவும் மசோதாவை அவர் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோனார். முதலில் வரி, பிறகு வசதி என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊர்க் காரியங்களில் ஈடுபட்டவர்கள் அறிவார்கள்.

அந்த மசோதாவில் பின்னர் தெருவிளக்கும் சேர்ந்தது. தெருவிளக்கைக் கொண்டுவந்தவர் பிராங்க்ளின் என்றே ஊர் சொன்னது. அவரோ, ஜான் கிளிஃப்டன் என்பவர் தன் வீட்டு வாசலில் வைத்த விளக்கைப் பார்த்துத்தான் ஊருக்கு ஆசை வந்தது, அந்தப் பெருமை அவருக்கே உரியது என்று எழுதி வைத்தார்.

1751இல் மருத்துவமனை. இதுவும் அவருடைய யோசனை அல்ல, தாமஸ் பாண்ட் என்ற மருத்துவருடையது. ஏழை நோயாளிகளுக்காக அவர் நன்கொடை கேட்டுப் போன இடமெல்லாம், பிராங்க்ளினிடம் கேட்டீர்களா, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார்களாம். ஆகவே அவரிடமே வந்தார். அதே ஆண்டில்தான் பிராங்க்ளின் பென்சில்வேனியா சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். அரசு பணம் தர வேண்டும் என்றபோது கிராமப்புற உறுப்பினர்கள் மறுத்தார்கள். நகரத்துக்குத்தானே பயன், நகரத்தாரே கொடுக்கட்டும் என்றார்கள். மக்கள் 2,000 பவுண்டு திரட்டினால் அரசும் 2,000 பவுண்டு தர வேண்டும், திரட்டாவிட்டால் ஒன்றும் தர வேண்டாம் என்று மசோதாவை எழுதினார் பிராங்க்ளின். அவ்வளவு பணம் ஒருநாளும் சேராது, செலவில்லாமல் நல்ல பெயர் கிடைக்கும் என்று எண்ணி எதிர்த்தவர்களும் ஆதரித்தார்கள். மக்களிடமோ, நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டும் இரண்டாகும் என்று சொல்லிக் கேட்டார். இலக்கைத் தாண்டிப் பணம் வந்தது. இதில் கொஞ்சம் தந்திரம் இருந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார், அதற்காக வருந்தவில்லை. நாமும் அவர் மீது குறை காண மாட்டோம்.

அதற்கு முன்பே, 1740இல், எந்த மதப் பிரிவைச் சேர்ந்த போதகரும் வந்து பேசலாம் என்ற நிபந்தனையுடன் ஊரார் ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள். கான்ஸ்டான்டிநோபிளின் முஃப்தி இஸ்லாத்தைப் போதிக்க ஒருவரை அனுப்பினாலும் அவருக்கு அங்கே மேடை உண்டு என்று பிராங்க்ளின் பின்னர் எழுதினார். அந்த நகரில் அன்று அவர் அறிந்த முஸ்லிம் ஒருவரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் கதவைத் திறந்து வைத்த பட்டியலில் நம்மையும் சேர்த்திருக்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் வெற்றிகள். 1763இல் நடந்தது வேறு. எல்லைப் பகுதியில் செவ்விந்தியருக்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டிருந்த நேரம். அந்தப் போரில் எந்தப் பங்கும் இல்லாத, வெள்ளையரோடு அமைதியாக வாழ்ந்த கோனஸ்டோகா செவ்விந்தியர்கள் இருபது பேர் இருந்தார்கள். டிசம்பர் 14 அன்று பாக்ஸ்டன் பகுதியிலிருந்து குதிரையில் வந்த கும்பல் அவர்களில் ஆறு பேரைக் கொன்றது. மீதிப் பதினான்கு பேரைப் பாதுகாப்புக்காக லாங்காஸ்டர் நகரில் ஒரு கட்டடத்தில் வைத்தார்கள். டிசம்பர் 27 அன்று கும்பல் அதையும் உடைத்து, குழந்தைகள் உட்பட எல்லாரையும் வெட்டிக் கொன்றது. கொலையாளிகளுக்கு மக்களிடம் பெரும் ஆதரவு இருந்தது.

பிராங்க்ளின் 1764 தொடக்கத்தில் ஒரு சிறு நூல் அச்சிட்டு அந்தக் கொலைகளைக் கண்டித்தார். தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களை வெட்கப்படச் செய்ய அவர் எடுத்துக்காட்டுகளைத் தேடிய இடம் நம்மை வியக்க வைக்கிறது. சரணடைந்த கைதிகளைக் கொன்றதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த நிகழ்ச்சியையும், சுல்தான் ஸலாஹுத்தீன் கைதிக்குப் பானம் கொடுத்து உயிருக்கு அபயம் அளித்த நிகழ்ச்சியையும், தன் மகனைக் கொன்றவன் என்று தெரிந்த பிறகும் அடைக்கலம் தந்த வாக்கை மீறாத ஸ்பெயின் முஸ்லிம் ஒருவரின் கதையையும் எடுத்து எழுதினார். இந்தச் செவ்விந்தியர்கள் முஸ்லிம்களிடையே வாழ்ந்திருந்தால் பத்திரமாக இருந்திருப்பார்கள் என்பதே அவர் வாதம். இஸ்லாத்தைப் பற்றி ஐரோப்பிய நூல்கள் பெரும்பாலும் வெறுப்போடு எழுதிய காலம் அது.

பிப்ரவரியில் ஆயுதம் ஏந்திய கூட்டம் பிலடெல்பியாவை நோக்கி வந்தது. நகரில் அடைக்கலம் புகுந்திருந்த மற்றச் செவ்விந்தியர்கள் அவர்களின் குறி. பிராங்க்ளின் காவல் படை திரட்டினார். பிறகு சிலரோடு சேர்ந்து ஜெர்மன்டவுனுக்கே சென்று கூட்டத்தோடு பேசித் திருப்பி அனுப்பினார். அடைக்கலம் புகுந்தவர்கள் பிழைத்தார்கள். கொலையாளிகள் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அக்டோபரில் தேர்தல் வந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக இருந்த சட்டமன்ற இடத்தைச் சில வாக்குகளில் பிராங்க்ளின் இழந்தார். காரணம் இந்தக் கண்டனம் மட்டுமல்ல. ஆட்சிமுறையை மாற்ற அவர் எடுத்த முயற்சிக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. ஜெர்மன் குடியேறிகளை இழிவாகச் சொல்லி அவர் முன்பு எழுதிய வரியை எதிரிகள் தேடியெடுத்துப் பரப்பினார்கள். அந்த வரி அவர் எழுதியதுதான். வந்தேறிகளைப் பழித்ததற்கு வந்தேறிகளே வாக்குச்சீட்டில் பதில் சொன்னார்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய கறை ஒன்றும் உண்டு. பிராங்க்ளின் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அடிமைகளை விற்பதற்கான விளம்பரங்களை அவர் பத்திரிகை வெளியிட்டுப் பணம் பெற்றது. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் முஸ்லிம்களும் பலர் என்பதால், இதை வாசிக்கும்போது நமக்கு இன்னும் வலிக்கிறது. முதுமையில்தான் மனம் முழுதும் மாறினார். 1787இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அவர் கையெழுத்தோடு அடிமை முறைக்கு எதிரான மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. நிராகரித்தார்கள். மார்ச்சில், படுக்கையில் இருந்தபடி, அடிமை முறையை ஆதரித்த ஓர் உறுப்பினரைக் கேலி செய்து பத்திரிகையில் எழுதினார். அந்த உறுப்பினரின் வாதங்களையே, கிறிஸ்தவர்களை அடிமைப்படுத்துவதை நியாயப்படுத்தும் ஓர் அல்ஜீரியப் பிரமுகர் பேசுவதுபோல் அமைத்திருந்தார். அந்தக் கற்பனைப் பிரமுகருக்கு முஸ்லிம் பெயர் சூட்டியது நமக்கு உவப்பாக இல்லை. ஆனால் அடி விழுந்தது அமெரிக்க அடிமை முதலாளிகள் மீதுதான்.

1790 ஏப்ரல் 17 அன்று, 84 வயதில், பிலடெல்பியாவிலேயே இறந்தார். பொதுப் பதவியில் இருப்பவர் ஊதியம் வாங்கக் கூடாது என்பது அவர் கருத்து. ஆகவே பென்சில்வேனியாவின் தலைவராக இருந்தபோது கிடைத்த சம்பளத்திலிருந்து பிறந்த ஊருக்கும் வாழ்ந்த ஊருக்கும் ஆயிரம் பவுண்டு வீதம் எழுதி வைத்தார். தொழில் கற்று முடித்த, மணமான, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட இளைஞர்களுக்குச் சொந்தத் தொழில் தொடங்க அதிலிருந்து கடன் தர வேண்டும், இரண்டு நல்ல மனிதர்கள் ஜாமீன் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. வட்டியின் மீது அமைந்தது என்பதால் அந்த முறையில் நமக்கு உடன்பாடில்லை. நூறு ஆண்டு கழித்து பாஸ்டனின் பங்கில் ஒரு பகுதியைக் கொண்டு தொழிற்பள்ளி கட்டினார்கள். 1908இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளி பிராங்க்ளினின் பெயரில் இன்றும் நடக்கிறது.